பெட்டியின் அடிப்பக்கம்

பெட்டி கைக்கு வந்ததும் சுலோசனா அதைக் கவிழ்த்துவிடுவாள். மேலே ரயிலும் கரடியும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டிருக்கும் இணையதள முகவரியைத் தேடுவாள். செல்பேசியில் ஒரு படம். அவ்வளவுதான், பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும்.

டாலிகஞ்ச் மெட்ரோவுக்கு எதிரே பொம்மைக்கடை வைத்திருக்கும் உத்தம் பாபு அவளுக்கு ‘உல்ட்டோ தீதி’ என்று பெயர் வைத்திருக்கிறார். தலைகீழ் அக்கா. அவள் படியேறும்போதே, “தீதி வந்தாச்சு, பொம்மைங்களா, எல்லாரும் குப்புறப் படுங்க!” என்று வங்காள மொழியில் உத்தரவு போடுவார்.

சுலோசனா திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் தணிக்கை பார்ப்பவள். கவலைப்பட அவளுக்குப் பொதுவாகக் காரணம் தேவையில்லை. லிஃப்ட் நின்றுவிடுமோ, மகள் தமிழை மறந்துவிடுவாளோ என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கவலைக்கு மட்டும் காரணம் இருந்தது. பூஜை விடுமுறையில் ஏழு வயது ரோஹிணி ஏதோ ஓர் இலவச விளையாட்டில் பூனைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சூதாட்ட விளம்பரம் குதித்தது. மூடப் போனால் அதைவிட மோசமான ஒன்று. கணவன் ஜெய்ராம் டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“ஒழுங்கான விளையாட்டு ஒண்ணாவது காட்டு, பாக்கலாம். இல்லேன்னா இதை வாங்கிக்கொடுத்த என் தம்பிக்கே திருப்பி அனுப்பிடறேன்.”

அன்றிலிருந்து ரோஹிணி பள்ளி விட்டு வந்ததும் பீரோவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பையையே இறக்குவாள். அதைப் பார்க்கத்தான் சுலோசனாவால் முடியவில்லை.

“பொம்மை விக்கிறவனுக்குத் தன் பொம்மைதான் ஒசத்தி. அடுத்தவன் விளம்பரத்தைத் தன் வீட்டுக்குள்ள விடுவானா?” பொம்மைக் கம்பெனிகளின் இணையதளங்களில் இலவச விளையாட்டும் இருப்பதைப் பார்த்து அவள் கண்டுபிடித்தது இது. அதனால்தான் பெட்டிகளைக் கவிழ்க்கிறாள்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு இணையதளமாகப் புகுந்து, அங்குள்ள விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பாள்; அழுத்தக் கூடாத மூலையெல்லாம் அழுத்துவாள். “பேர் கேட்டா போச்சு. அட்ரஸ் கேட்டா போச்சு. ‘வாங்கு’ன்னு பட்டன் இருந்தா அதுவும் போச்சு.” பக்கத்து மேசை பன்னீர்செல்வம் சும்மா இருப்பாரா?

“என்ன மேடம், ரயில்வேய விட்டுட்டுக் கரடிய ஆடிட் பண்றீங்களா?”

“கரடி ஒழுங்கா பதில் சொல்லுது, சார். உங்க ஃபைல்தான் வாயைத் திறக்க மாட்டேங்குது.”

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. ஜெய்ராம் டேப்லெட்டை வெளியே எடுத்தான். சாவி மறுபடி பைக்குள் போனது. மரப் பொம்மைக் கம்பெனி ஒன்றின் தளம். குழந்தையே தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டலாம். சோதனை போட வந்த போலீஸ்காரர்போல அவன் திரையின் மூலைமுடுக்கெல்லாம் குத்தினான். ஒரு விளம்பரமும் வரவில்லை. கடைசியில் ஓரத்தில் ஒரு குட்டிக் கதவு அகப்பட்டது. தொட்டான். ‘பெரியவர்களுக்கு மட்டும். எட்டையும் ஏழையும் பெருக்கு’ என்று ஆங்கிலத்தில் கேட்டது.

“பாத்தியா, வெளிய போக வழி இருக்கு!”

“அது பெரியவங்களுக்கான பூட்டுங்க. குழந்தைக்கு...”

“ஐம்பத்தாறு!” என்றாள் ரோஹிணி, அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து. காலையில் தலை பின்னும்போதெல்லாம் சுலோசனா சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு. எண்ணைத் தட்டியதும் கதவு திறந்துகொண்டது.

ஜெய்ராம் தொடையைத் தட்டிச் சிரித்தான். “பூட்டைக் காட்டினதும் நீ, திறக்கச் சொல்லிக்கொடுத்ததும் நீ! கேஸ் முடிஞ்சுது.”

“முடியல. உள்ள போங்க,” என்றாள் சுலோசனா.

அவள் ஏற்கெனவே போய் வந்த இடம். கம்பெனியின் ரயில் பொம்மைப் படங்கள். அச்சிட்டு வண்ணம் தீட்டச் சில தாள்கள். வேறொன்றும் இல்லை. அவன் மேலே போனான், கீழே வந்தான், மறுபடி மேலே போனான்.

“ஏதாவது கிடைச்சுதா, இன்ஸ்பெக்டர் சார்?”

“ம்... கரெக்டாத்தான் இருக்கு.”

“தேக்கோ பாபா, பாருப்பா, என் ரயில் நிக்குது!” என்று ரோஹிணி டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு சோபாவுக்கு ஓடினாள்.

சுலோசனா எழுந்தாள். கணவனின் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். கீழ்வீட்டு வங்காளி மாஷிமா செய்வதுபோல அதைப் புடவைத் தலைப்பின் நுனியில் முடிந்து, வீசித் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். முதுகில் அது பொத்தென்று விழுந்தது.