பதினேழுக்குப் பிறகு இருபது

என் தங்கையின் வலது முழங்கையில் இருப்பது அவள் பிறவியில் கொண்டுவந்த மூட்டு அல்ல. உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த கீல். முப்பத்தோரு வயதில் அதை வாங்கிக்கொண்டு, கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவிலேயே இருந்த தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கையை மடக்கப் பழகினாள். அவள் கணவருக்குக் கொல்லத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அதனால் ஆபீசுக்கு முன்னும் பின்னும் நான் போய் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கி விட வேண்டும், இருபது தடவை. பதினைந்தைத் தாண்டினால் அவள் கண்ணில் நீர் கட்டிவிடும். நான் "பதினாறு, பதினேழு, இருபது" என்று முடித்துவிடுவேன்.

"அண்ணா, நீ கள்ளத்தனமா எண்ணறாய், கேட்டயா?" என்பாள். ஆனால் கையைக் கீழே வைத்துவிடுவாள்.

இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே சொன்னது. நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் கல்லூரியில் பூப்பந்து ஆடினாள். பந்து அவளைத் தாண்டிப் போவது அபூர்வம். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்துவிட்டால் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம் என்று வீட்டில் அவளைவிட அதிகம் கனவு கண்டவன் நான்தான். அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மழை பெய்து ஈரமாயிருந்த மைதானத்தில் வழுக்கி முழங்கையை ஊன்றி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எக்ஸ்ரே படத்தோடு உள்ளே போனேன். டாக்டர் மலையாளத்தில் தெளிவாகச் சொன்னார்: எலும்பில் விரிசல், ஒன்றரை மாதம் மாவுக்கட்டு, எந்தக் காரணத்தாலும் எண்ணெய் போட்டு உழிந்து தேய்க்கக் கூடாது.

ஒன்றரை மாதம் என்றதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பொய். எல்லாம் ஏறியது. வெளியே வந்ததும் அவள் "என்ன சொன்னார்?" என்றாள்.

"எலும்புக்கு ஒண்ணுமில்லை, உளுக்குதான்" என்றேன். மாவுக்கட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பாவிடமும் அதையே சொன்னேன். "உளுக்குதானே, சாரமில்லை, சரியாப்போயிடும். நெய்யாற்றின்கரைப் பக்கம் எண்ணெய் போட்டு உழியற ஆசான் இருக்கார், என் முட்டியை அவர்தானே சரியாக்கினார்" என்றார் அப்பா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆசான் பத்தே நாள் கேட்டார். பத்து நாளும் அப்பாதான் அவளைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். ஆசானிடம் எலும்பு முறிவு என்று சொல்லியிருந்தால் அவரே கையைத் தொட்டிருக்க மாட்டார். அவரை நான் குறை சொல்ல முடியாது.

பத்து நாள் உழிந்ததில் சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிட்டது. கை பாதி மடங்கிய நிலையில் நின்றது. அணி போயிற்று, வேலை போயிற்று. அதைவிட, சோற்றுக் கை வாய்க்கு எட்டவில்லை. எங்கள் தெருக் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பந்திக்கு வருவதையே விட்டாள். அப்படி விடுவதற்கு முன் ஒரு கல்யாணத்தில் அப்பா அவளுக்காக ஸ்பூன் தேடிக்கொண்டு வந்தார். அவள் அதை வாங்காமல் எழுந்து போனாள். அவளைக் கெடுத்தது அப்பாவின் நாட்டுவைத்திய மோகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்பாவும் அப்படியேதான் நினைத்தார். நான் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த எலும்பை ஒருமுறை வெட்டி எடுத்தும் பயனில்லை. வருடங்கள் போக மூட்டே தேய்ந்து, தூங்கவிடாத வலியாக மாறியது. கடைசியில்தான் மாற்று மூட்டு. இனி தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மட்டையைத் தொடவே கூடாது என்றார்கள். "வாய்க்கு எட்டினாப் போறும்" என்றாள் அவள். அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்.

மாற்று மூட்டு வைத்த ஆறாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலை. தட்டில் மோர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள். ஒரு கவளம் எடுத்தாள். கை மெல்ல மெல்ல ஏறி உதட்டைத் தொட்டது. வாயில் சோற்றோடு சிரித்தாள், அழுதாள். பன்னிரண்டு வருடம் கழித்து அவள் தன் வலது கையால் சாப்பிட்டாள்.

"அப்பாக்கு இதைக் காட்டணும் போல இருக்கு" என்றாள். "ஆசான்ட்ட கொண்டுபோய் கெடுத்தாயே, பாருன்னு."

நான் சொல்லிவிட்டேன். மாவுக்கட்டு, டாக்டர் சொன்னது, சட்டைப் பையில் வைத்த சீட்டு, எல்லாவற்றையும். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பாக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தாரே, அப்போ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டார். உன்னை நான் அங்க அழைச்சுண்டு போயிருக்கப்படாதுன்னார். நான் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன். இப்பவும் நன்னா ஓர்மை இருக்கு."

இது எனக்குத் தெரியாது. அன்று அந்த அறைக்கு வெளியே வராந்தாவில்தான் நான் இருந்தேன்.

காய ஆரம்பித்திருந்த சோற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைலேந்து நீ வரண்டாம். நானே எண்ணிக்கறேன்."

மறுநாள் காலையில் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை வரவில்லை. உள்ளே அவள் எண்ணுவது கேட்டது. பதினைந்து. பதினாறு. பதினேழு. பிறகு சத்தமே இல்லை. இருபது என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது.

"பதினெட்டு" என்றாள். வெகுநேரம் கழித்து, "பத்தொன்பது."

இருபது வரை நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.