ஸ்பீக்கரில் கேட்ட முனகல்

2002 ஐப்பசி மழைக்காலம். அப்போது கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரே காம்பவுண்டில் மூன்று வீடுகள். முன்வீட்டில் ஹவுஸ் ஓனர், கடைசியில் நாங்கள். என் கணவர் நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். நான் பத்தாவதோடு நின்றவள், சத்தமாகப் பேசவே கூச்சப்படுவேன். "உன் சம்சாரத்துக்குப் பேச்சு வருமா?" என்று ஓனரம்மா என் கணவரிடமே கேட்டிருக்கிறார்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த சில நாளில் என் கணவர் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கிவந்து டிவியோடு இணைத்தார். பாட்டு அருமையாகக் கேட்டது. ஆனால் மறுநாள் மத்தியானம், நான் தனியாக இருக்கும்போது, பாட்டுக்கு அடியில் ஒரு சத்தம் கிளம்பியது. "ம்ம்ம்ம்" என்று, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போல. டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். பாட்டு நின்றது, முனகல் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே ஓய்ந்தது.

அடுத்தடுத்த நாளும் அதே கதை. எப்போதும் மத்தியானம்தான். அவர் வீட்டில் இருக்கும்போது ஒருநாளும் வந்ததில்லை. "உன் காதுல வண்டு பூந்துகினு கீது" என்று சிரித்தார். நான் விடாமல் சொல்லவே, செட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு குறையும் இல்லை. புது வயர் மாற்றிக் கொண்டுவந்தார். மத்தியானம் மறுபடியும் முனகல்.

நடுவீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசற்படியிலேயே நின்று கேட்டவர், உள்ளே வரவில்லை.

"உனுக்கு யாரும் சொல்லலியா? உங்களுக்கு முன்ன இந்த வூட்டுல ஒரு அம்மா தனியா இருந்துச்சு. போன மழைக்கு, தொவைக்கிற கல்லாண்ட வியுந்து கெடந்துச்சு. மாரடைப்புன்னாங்க. அது எந்த வேல செஞ்சாலும் இப்டித்தான், வாய மூடிகினே பாடிகினு இருக்கும்."

அதற்குப் பிறகு மத்தியானத்தில் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் துணிவில்லை. சமையலறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமனார் மாமியார் இல்லாததால் அவளுக்கு நாங்கள்தான் தாய்வீடு. ஏழு மாதம். அவள் பயந்துவிடக்கூடாது என்று நான் எதையும் சொல்லவில்லை.

வழக்கமாகக் காலையிலேயே துணி துவைத்துவிடுவேன். அன்று விடியலிலிருந்தே மழை, விட்டபோது மத்தியானமாகிவிட்டது. துவைத்து முடித்ததும் அவள் பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போய் உக்காரு அண்ணி, நான் காயப்போடறேன். சும்மா குந்திகினு இருந்தா கால் வீங்குது."

உள்ளே வந்தேன். அவள் பார்த்துவிட்டுப் போன டிவி ஓடிக்கொண்டிருந்தது. முனகல் தொடங்கியது. அதுவரை அப்படிக் கேட்டதில்லை, பெட்டியே அதிர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இப்படியா என்று பயத்தை மீறி ஆத்திரம் வந்தது. டிவியை அணைத்தேன். நிற்கவில்லை. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் வயரைப் பிடுங்கினேன். நின்றது. திரும்பச் செருகினேன். வந்தது. அணைத்த டிவியிலிருந்து எப்படிச் சத்தம் வரும்? அதன் பின்னால் இன்னும் மிச்சமிருந்தது கேபிள் வயர் ஒன்றுதான். அதைப் பிடித்து இழுத்தேன்.

முனகல் அடங்கியது. அதே நொடியில் முழங்கை வரைக்கும் சுளீரென்று ஷாக் அடித்தது.

பேய் ஷாக் அடித்து நான் கேள்விப்பட்டதில்லை. கையை உதறிக்கொண்டே அந்த வயர் போகும் வழியைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெளியே போய், துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தில் மேல்தோல் இல்லை. கம்பியின் மறுமுனை, மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறும் இரும்புக் குழாயில் முடிந்திருந்தது. கம்பிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நாத்தனார். பிழிந்த ஈரப் புடவையோடு கையைத் தூக்கிவிட்டாள்.

"தொடாதடி!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. புடவை நழுவிச் சேற்றில் விழுந்தது. "இன்னா அண்ணி, வவுத்துல கீற புள்ள பயந்துக்கும்ல" என்றாள்.

"யாரு அப்டி கத்தனது?" என்று ஓனரம்மா ஓடிவந்தார். நான் என்பதை அவர் நம்பவே இல்லை.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். பூமிக்கடியில் ஓடும் மோட்டார் அது, ஓடுவதே வெளியே கேட்காது. ஒரு துணியால் பிடித்துக் கேபிளைச் செருகினேன். முனகல் இல்லை. மோட்டாரைப் போடச் சொன்னேன். "ம்ம்ம்ம்" என்றது. நிறுத்தினால் மௌனம். வாசலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து, மோட்டாரைப் போட்டுக் கம்பியில் டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. மோட்டார் வயர் தேய்ந்து இரும்புக் குழாயில் பட்டிருந்தது. அங்கிருந்து கம்பி, கம்பியிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து எங்கள் ஸ்பீக்கர். தினமும் மத்தியானம் டேங்க் நிரப்பும்போதெல்லாம் அந்தக் கம்பியில் கரண்ட் ஓடியிருக்கிறது.

நடுவீட்டு அக்கா மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா வேலைக்குப் போய்ட்டு வந்து மத்தியானத்துலதான் தொவைக்கும்."

ஓனரம்மா துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அது மாரடைப்புதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது வளர்ந்து, பாட்டைச் சத்தமாக வைத்து என்னிடம் திட்டு வாங்குகிறாள். பேய் இல்லை, வெறும் கரண்ட்தான் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும், முகம் பார்த்தறியாத ஒரு பெண் வாயைத் திறக்க முடியாமல் தினமும் எங்களிடம் எதையோ சொல்லிப் பார்த்தாள் என்றுதான் இப்போதும் என் மனசுக்குப் படுகிறது.