பட்டியலில் ஒன்பதாவது

ரவுட்டர் வாங்குவதற்கு முன்பு நான் வீட்டை அளந்தேன். மில்லர்புரத்தில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே கொத்தனார் கட்டியவை. இரண்டுக்கும் நடுவில், கீழிருந்து மாடி வரை, ஒரே சுவர். கூடத்தில் இருந்த பழைய ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு முப்பத்தோரு அடி. குறுக்கே இரண்டு சுவர், ஒரு தளம். மாடியில் என் மகள் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். அலுவலகக் கூட்டத்தின் நடுவே அவள் இணைப்பு அறுந்ததை ஒரு வாரம் டைரியில் குறித்தேன். பதினேழு முறை.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆவணம் சரிபார்ப்பது என் வேலை. கன்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி வெளியே வராது. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

கடைக்காரர் மூன்று மாடல்களை எடுத்து வைத்தார். "எத்தனை சாமான் ஓடும் அண்ணாச்சி?"

"எட்டு. லேப்டாப் ரெண்டு, என் பழைய கம்ப்யூட்டர், போன் மூணு, டிவி, மக விளையாடுத கேம் பெட்டி."

உப்புக் காற்றில் பின்பக்கத் துளைகள் துருப்பிடிக்குமா, ஆன்டெனாவைக் கழற்ற முடியுமா, கரண்ட் போய் வந்தால் எத்தனை நொடியில் எழும் என்றெல்லாம் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாவ," என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரவுட்டர் இரண்டு அலைகள் அனுப்பும். ஒன்று மெதுவானது, சுவர்களைத் தாண்டும். மற்றது வேகமானது. "கேமுக்கு அதான் வேணும். ஆனா ஒரு சுவரத் தாண்டுச்சுன்னா பெருசு. ரெண்டாவது சுவர்ல செத்துரும். அதனால ஆடுத ரூம்லயே பெட்டிய வச்சிருங்க."

யார் இணைந்திருக்கிறார்கள், எந்த அலையில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று போனில் பட்டியல் காட்டும் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். மாடி அறையில், பொதுச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தேன். பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்ததால், எல்லாம் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டன. எண்ணினேன். ஒன்பது.

ஒன்பதாவது, ஒரு கேம் கன்சோல். என் மகளுடையது அல்ல. அவள் பெட்டியின் ப்ளக்கையே பிடுங்கிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக, என் போன் தவிர, ஏழையும் அணைத்தேன். பட்டியலில் என் போனைத் தவிர ஒன்பதாவது மட்டும் நின்றது. வேகமான அலையில், நல்ல பலத்தில்.

ஒரு சுவர் தூரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

சுவரின் அந்தப் பக்கத்து மாடி அறை யாருடையது என்று எனக்குத் தெரியும். பழைய டைரியைப் புரட்டினேன். ஊரடங்கு காலத்து ஒரு பக்கத்தில் என் கையெழுத்து: 'பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆன்லைன் வகுப்புக்காக வைஃபை கடவுச்சொல் கொடுத்தேன்.' படித்து முடித்துக் கப்பலில் சேர்ந்துவிட்டான். இரண்டு வருடமாகக் கடலில்தான் இருக்கிறான். அந்த வீட்டில் இப்போது அவன் அம்மாவும் அப்பாவும் மட்டும். அப்பா காலையில் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

யாரும் அணைக்காமல் விட்ட பெட்டியாக இருக்கலாம் என்று ஒரு வாரம் கவனித்தேன். சும்மா கிடக்கும் பெட்டி அப்படி நடந்துகொள்ளாது. காலை பதினொன்றுக்கு வரும், மாலை நான்கரைக்குப் போகும். நடுவே ஒன்றரை மணிக்கு இருபது நிமிடம் ஓய்வு. சாப்பிடுகிற நேரம்.

மதில் ஓரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம் கேட்டேன். "தம்பி இப்ப எங்கன இருக்கான் தங்கச்சி?"

"பிரேசில் பக்கம் போயிட்டிருக்கானாம் அண்ணாச்சி. நேத்துதான் பேசுனான்." கேட்காமலே கப்பலின் பெயரையும் சொன்னாள். கப்பலில் இருந்து வருகிறவர்கள் தெருவுக்கு சாக்லேட் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். லீவில் வந்த நண்பனிடம் தம்பி கொடுத்துவிட்டதாக அன்றும் ஒரு பொட்டலம் தந்தாள். உள்ளே வந்து உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சென்னை இறக்குமதியாளர் ஒருவரின் முகவரி ஒட்டியிருந்தது. இங்கே கடையில் வாங்கியது.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கப்பலைத் தேடினேன். எங்கள் துறைமுகத்துக்கும் நிலக்கரி ஏற்றிவந்த கப்பல்தான். அது எந்தக் கடலிலும் இல்லை. பதினோரு மாதம் முன்பே குஜராத் கரையில் ஏற்றி, வெட்டி, இரும்பாக விற்றிருந்தார்கள்.

மனைவியிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "ஏங்க, அந்தப் பய உசுரோட இருக்கானா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க," என்றாள். பெற்றவளிடம் எப்படிக் கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மகளுக்கு அவனைத் தெரியும். ஊரடங்கில் இரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து விளையாடியிருக்கிறார்கள். அவளுடைய நண்பர் பட்டியலில் அவன் பெயர் இன்னும் இருந்தது, எப்போதும் ஆஃப்லைன் என்று. "அவன் கப்பல்ல இருக்கான்னு நான் கண்டுக்கவே இல்லப்பா. ஆனா ஆன்லைன்ல இருந்துகிட்டே இல்லன்னு காட்டிக்கலாம்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் ஒன்றேகாலுக்கு ஒன்பதாவதைத் தடுத்தேன். என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். திரையில் ஒரு பொத்தான். நம் கடவுச்சொல், நம் ரவுட்டர். அதில் தவறு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. தெருவில் ஆள் இல்லை. நான்கு நிமிடம் கழித்துச் சுவர் தட்டப்பட்டது.

மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. அலமாரியில் ரவுட்டர் லேசாக அதிர்ந்தது. தட்டியது சரியாக ரவுட்டருக்கு நேர் பின்னால், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது போல. மனைவி மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். பிறகு தட்டல் நின்று, சுவரை மேலிருந்து கீழாக நகத்தால் வருடுவது போல ஒரு சத்தம், மெதுவாக, தரை வரை வந்தது.

கீழே கேட் திறந்தது. அவன் அம்மா. கால் வெறுங்கால். நேராக மாடிக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு நெட் போயிட்டா?"

அவள் வீட்டில் நெட் கிடையாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று புரிந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, உக்காரு மொதல்ல," என்று மனைவி அவள் தோளைப் பிடித்தாள்.

"போட்டு விட்டுருங்க அண்ணாச்சி. கெஞ்சிக் கேக்கேன். அவனுக்கு வேற ஒண்ணும் இல்ல. இதுவும் இல்லன்னா என்ன செய்வான்னு எனக்கு பயமா இருக்கு."

தடையை எடுத்தேன்.

எட்டு மாதத்திலேயே கப்பலை விட்டு வந்துவிட்டானாம். அங்கே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் வந்தவன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். அந்த மாதம் அவன் அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி கப்பலில் இருக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு தடவை சொன்னது, பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. "ரூம் வாசல்ல சோத்துத் தட்ட வச்சிட்டுக் கீழ வந்துரணும். நான் படியில நின்னா எடுக்க மாட்டான். அவன் மூஞ்சிய நான் பாத்து நாளாச்சு. அங்கன பேசுத சத்தம் மட்டும் கேக்கும், யார்கிட்டயோ இங்கிலீஷ்ல."

மகள் ஒன்றும் கேட்காமல் தன் கன்சோலைப் போட்டாள். ஹெட்செட்டை மாட்டி, அவன் பெயருக்கு அழைப்பு அனுப்பினாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கடிகாரம் பார்க்க மறந்த சில பொழுதுகளில் அது ஒன்று. பிறகு அழைப்பு ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி அவள் ஹெட்செட்டின் சத்தத்தைக் கூட்டி மேஜையில் வைத்தாள்.

"ஏலே, நாந்தான். பக்கத்து வீட்டு அக்கா."

மூச்சு கேட்டது. பிறகு, "தெரியுது."

அந்தச் சொல் இரண்டு முறை கேட்டது. முதலில் சுவருக்குள்ளிருந்து, மங்கலாக. ஒரு கணம் கழித்து ஹெட்செட்டிலிருந்து, தெளிவாக. ஒன்பது அங்குலச் சுவருக்கு அப்பால் பேசியவனின் குரல் எந்த நாட்டுக்கோ போய்த் திரும்பி எங்கள் மேஜைக்கு வந்தது.

"நெட்ட யாரு கட் பண்ணா?"

"அப்பாதான். அது நீன்னு தெரியல. இனிமே பண்ண மாட்டாவ."

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க அக்கா. நான் பேசுனேன்னு."

அந்த அம்மா அவனிடமிருந்து ஆறடி தூரத்தில், எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மகள் அவளைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவன் பெட்டியை அணைத்துவிட்டால் இந்த நூலும் போய்விடும் என்று நினைத்தேன். அவன் அம்மா என்னைக் கவனிக்கவில்லை. எழுந்து மேஜையருகே வந்து, ஹெட்செட்டை மைக் எது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சாப்பிட்டியாலே?"

மகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பெயர் இன்னும் இருந்தது. நாற்காலி நகரும் சத்தம் சுவரில் வந்தது, பிறகு அம்மா கையிலிருந்த ஹெட்செட்டிலும்.

"நீ எங்கனம்மா நிக்க?"

"இங்கனதான். பக்கத்துல."

"இன்னும் சாப்பிடல."

ஹெட்செட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் இறங்கி ஓடினாள். எங்கள் கேட், அவர்கள் கேட், அவர்கள் படி. படியின் உச்சியில் காலடி நின்றது. அந்தப் பக்கம் அவன் மைக்கை அணைக்கவில்லை. அவன் மூச்சு எங்கள் அறைக்குள் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் முதலில் சுவரில் கேட்டது. பிறகு மகளின் கையிலும்.