ராம்பன் மலைச்சாலையிலிருந்து ஒரு நிக்காஹ்

உத்திரமேரூர் அத்தாவுல்லா வண்டியை எடுப்பதற்கு முன் லாரியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிக் காதால் கேட்பார். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பார். மாற்று பெல்ட், பல்பு, மருந்து டப்பா, மடித்து வைத்த தொழுகை விரிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்தான் ஏறி உட்காருவார். கூட ஓட்டுகிற சாலவாக்கத்து சுகுமார், "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ சுத்திப் பாக்க மாட்டான் பாய்" என்பான்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தை விசாரிக்காமல் விட்டுவிட்டார். காஷ்மீருக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் இரண்டு பேர் போனும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

போகும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரகடத்தில் ஏற்றிய டயர்களை ஸ்ரீநகரில் இறக்கிவிட்டு, கோயம்பேட்டுக்கு ஆப்பிள் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், தங்கை சைமாவின் நிக்காஹுக்குப் பந்தக்கால் நடும் முன்பே வீட்டில் இருக்கலாம் என்று எண்ணியிருந்தார். திரும்பும் வழியில் ராம்பனுக்கு அருகே மலை சரிந்து சாலையை மூடியது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் லாரிகள். வெயில் ஏறும்போதெல்லாம் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஆப்பிள் புளிக்கும் வாடை வந்தது. மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தார்கள், மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. நிக்காஹ் நாளும் வந்துவிட்டது.

இந்த நாளுக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது உத்திரமேரூர் கடைத்தெருவுக்கே தெரியும். தந்தை, அவர்கள் சொல்லில் அத்தா, இறந்தபோது சைமா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அத்தாவுல்லா ஒன்பதாம் வகுப்பு. அத்தாவும் அவருடைய தம்பி அப்துல் பாசித்தும் சேர்ந்து பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்த ஜமாத்தார் முன்னால் சாச்சா அப்துல் பாசித் சொன்னார், "இவனுக்கு யாவாரத்துல உக்கார்ற புத்தி கெடயாது. லாரி கழுவத்தான் லாயக்கு."

பையன் அடுத்த வாரமே லாரி கழுவப் போனான். கிளீனரானான், டிரைவரானான். சாச்சாவின் கடைப்படியை அதன்பிறகு மிதிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சலாம் சொல்லுவார், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

சைமாவை அவர் பாதி போனிலேயே வளர்த்தார் என்று சொல்ல வேண்டும். ஒடிசாவில் நிலக்கரிக்கு வரிசையில் நிற்கும்போதும், குஜராத்தில் உப்பு ஏற்றும்போதும், தினமும் இன்டர்நெட் வழியாகக் கூப்பிடுவார். சிக்னல் ஒரு கோடு இருந்தால் குரல், இரண்டு கோடு இருந்தால் முகம். படம் உறைந்துபோனால் அவள்தான் அங்கிருந்து கத்துவாள், "வீடியோவ ஆஃப் பண்ணுணா, கொரலாவது ஒழுங்கா வரட்டும்." அவள் காஞ்சிபுரத்துக் கல்லூரியில் பி.காம். சேர்ந்ததும், பரீட்சை எழுதியதும், தேறியதும் அவருக்கு இப்படிக் கொர கொர சத்தத்தோடுதான் தெரியும்.

அவர்கள் ஜமாத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் பொறுப்பாளர் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணை மணமுடித்துத் தந்தேன் என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அத்தா இல்லாத வீட்டில் அது அண்ணனின் கை. அண்ணனும் இல்லையென்றால் சாச்சாவின் கை. லாரி கழுவிய கையால் சைமாவைக் கொடுப்பேன், அந்த மனிதரின் கை அங்கே வராது என்று அத்தாவுல்லா மனதுக்குள் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

அதனால் முந்தின நாள், டீக்கடை வைஃபையில் பிடித்த போனில் அம்மா ஜுனைதா, "சாச்சாவக் கேட்டுப் பாக்கட்டுமாப்பா?" என்று இழுத்தபோது, "வேணாம்மா. நான் போன்லியே குடுக்குறேன்" என்றார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். "மொகம் தெரியணும் அத்தாவுல்லா. வார்த்த முறியக் கூடாது. ரெண்டு சாட்சியும் கண்ணால பாத்து, காதால கேக்கணும். இல்லாங்காட்டி எங்கிட்ட வராத." மாப்பிள்ளை மதுராந்தகத்து தௌசீப், பிடிக்கக் கை இல்லாததால் அந்தப் போனைத் தன் வலது கையில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல பிள்ளை.

அந்தச் சாலையோர டீக்கடையில் மட்டும்தான் வைஃபை இருந்தது. டீ குடிக்கிற எல்லா டிரைவர்களும் அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் வைத்திருந்த அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது சுகுமார் ஒரு பெட்டி ஆப்பிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"எங்கடா எடுத்துனு போற?"

"அதான் பாதி அழுவிப் பூடுச்சே பாய். அல்லாருக்கும் ஒண்ணு குடுத்து, பத்து நிமிசம் போன அமுக்கி வைங்கடான்னு கேக்கறேன்."

அவனுடைய லாரி இந்தியில் அவன் என்ன சொன்னானோ, தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். தங்கை கல்யாணம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. டீக்கடைக்காரர் வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, அத்தாவுல்லாவை உட்காரச் சொன்னார். அவர் முகம் கழுவி, சைமா வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுத் தொப்பி வைத்திருந்தார்.

முதல் அழைப்பு எடுத்தது. பள்ளிவாசலின் மின்விசிறி தெரிந்தது, பிறகு தௌசீபின் தாடை, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், கேக்குதா?"

"கேக்குது. நான் தெரியறனா?"

"கட்டம் கட்டமாத் தெரிறீங்க மச்சான். மூக்கு எதுன்னு தெரியல."

யாரோ சிரித்தார்கள். ஹஜ்ரத்தின் குரல், "பேசச் சொல்லுங்க, பேசச் சொல்லுங்க" என்றது. அத்தாவுல்லா மூச்சை இழுத்துக்கொண்டு, "என் சகோதரி சைமாவை உங்களுக்கு" என்று ஆரம்பித்தார். அழைப்பு அறுந்தது.

மறுபடி போட்டார். இந்த முறை முகம் வந்தது, குரல் வரவில்லை. சாட்சிகள் இரண்டு பேரும் போனை நோக்கிக் குனிவதும் உதட்டைப் பிதுக்குவதும் ஊமைப்படம்போல் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், தூணோரத்தில், சாச்சா அப்துல் பாசித் உட்கார்ந்திருந்தார். நரைத்துப் போயிருந்தார். அவர் போனைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழே எங்கோ ஒரு ஹாரன் அடித்தது. அடுத்து இன்னொன்று. வரிசையாக எல்லா லாரிகளும் உறுமத் தொடங்கின. சாலையைத் திறந்துவிட்டார்கள்.

சுகுமார் ஓடி வந்தான். "பாய், போலீசு வண்டிய எடு எடுன்றான். நம்ம வண்டி நின்னா பின்னால ஒருத்தனும் நவுர முடியாது. நான் எடுக்கறேன், நீங்க இங்கயே இருங்க."

"இறக்கத்துல பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. உனுக்குப் பழக்கமில்ல. ஒரு நிமிசம் நில்லு."

அந்த ஒரு நிமிடத்தில் அவர் மூன்றாவது முறை கூப்பிட்டார். முகமும் வந்தது, குரலும் வந்தது, இரண்டும் தேய்ந்து தேய்ந்து. சீக்கிரம் என்று ஹஜ்ரத் கை காட்டினார். அவருக்கு வாலாஜாபாத்தில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. சொல்ல வேண்டிய வாசகம் நீளம். பெண்ணின் பெயர், அத்தாவின் பெயர், மஹர் தொகை, எல்லாம் மூன்று தடவை. நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த இடத்தை விட்டால் அடுத்த வைஃபை எங்கே என்று யாருக்குத் தெரியும்? வந்தவர்கள் எவ்வளவு நேரம் உட்காருவார்கள்? அண்ணனின் வீறாப்பால் நிக்காஹ் நின்றது என்று சைமாவை நாளைக்கு ஊர் பேசும்.

"ஹஜ்ரத்" என்றார். "சாச்சா இருக்காரா?"

"இருக்காரு."

"எனக்குப் பதிலா அவரு கைபுடிச்சுக் குடுக்கட்டும். நான் சொல்றேன். சாட்சிக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுது" என்று இரண்டு குரல்கள் வந்தன. தூணோரத்தில் சாச்சா தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்தாரா, மறுத்தாரா என்று தெரிவதற்குள் படம் உறைந்துவிட்டது. அத்தாவுல்லா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

வழியில் சுகுமார் ஒருமுறை, "நல்லபடியா முடிஞ்சிருக்கும் பாய்" என்றான். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தார். இறக்கத்தில் வண்டி இடது பக்கம் இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பஞ்சாபுக்குள் நுழைந்ததும் சட்டைப் பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டினார். ஒரு படம் வந்திருந்தது. சாச்சாவின் கை தௌசீபின் கையைப் பிடித்திருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சாச்சா அழுதாராம் என்று. கடைசியாக சைமாவுடையது.

"அண்ணா. நேத்து சம்மதமான்னு கேக்க வந்தாங்க. எங்கண்ணன் வரட்டும், ஒரு வாரம் கழிச்சு வெச்சிக்கலாம்னு சொல்லத்தான் இருந்தேன். கட்டிக்கப் போறவரும் சரின்னு சொல்லினு இருந்தாராம். அதுக்குள்ள நீதான் சாச்சாவக் குடுக்கச் சொல்லிட்டன்னாங்க. நீயே சொன்னப்புறம் நான் இன்னா பேசறது? சம்மதம்னுட்டேன். எத்தினி வாட்டி லைன் கட்டாவும், எத்தினி வாட்டி நம்ம திருப்பிப் போடுவோம். நேத்து மட்டும் இன்னா அவசரம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

இரண்டாவது முறையும் கேட்டார். டீசல் போட்டுவிட்டு வந்த சுகுமார், "இன்னா சொல்து தங்கச்சி?" என்றான்.

"நாஷ்டா சாப்டியான்னு கேக்குது."

சுகுமார் அவர் முகத்தைப் பார்த்தான். டயரைத் தட்டிப் பார்க்கப் போனான்.

ஊர் போய்ச் சேர இன்னும் நாட்கள் இருந்தன. சாச்சா மேலுள்ள கசப்பை மனதிலிருந்து அவரால் இன்னும் நகர்த்த முடியவில்லை. ஆனால் நேற்று முழுக்க அவர் நினைத்ததெல்லாம் தன் கையையும் அந்த மனிதரின் கையையும் பற்றித்தான். சைமாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுவும் நேற்று மட்டும்தானா?

சிக்னல் முழுக் கோடும் இருந்தது. கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். முகம் துல்லியமாக வந்தது. கையில் மருதாணி, கண் வீங்கியிருந்தது. இத்தனை தெளிவாக அவளை வெளியூரிலிருந்து அவர் பார்த்ததில்லை.

"அண்ணா? கேக்குதா?"

"உன்னக் கேட்டிருக்கணும்மா" என்றார்.

அவள் போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். பின்னால் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அழைப்பை இரண்டு பேருமே துண்டிக்கவில்லை.