கன்னி மூலை வீட்டில் யார் குடியிருப்பது

பழவங்காடியிலிருந்து கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் வரும் முதியோர் விடுதியான விருத்த மந்திரத்தில் குற்றாலலிங்கம் பிள்ளை பதினோரு வருஷம் காரியஸ்தராக இருந்தார். காரியஸ்தர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பெற்ற பிள்ளைகள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன முப்பது கிழடுகளுக்குக் கஞ்சி வெந்ததா, வெந்நீர் ஆறிப்போனதா, யார் ஊன்றுகோலை யார் எடுத்து ஒளித்து வைத்தார் என்று விசாரிக்கிற வேலை. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை பஞ்சாயத்துதான். பகவதியம்மாளுக்கும் முத்தாரம்மாளுக்கும் ஒரு ஜன்னலுக்காக நாலு வருஷம் சண்டை நடந்தது. முத்தாரம்மாள் கண்ணை மூடியபிறகு ஜன்னல் பகவதியம்மாளுக்கு வந்தது. வந்த மறுநாளே, காற்று ஆகவில்லை, இடத்தை மாற்று என்றாள்.

இதற்கெல்லாம் சம்பளத்தோடு பிள்ளைக்குக் கிடைத்தது கன்னி மூலை என்கிற தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு அறை. அடுக்களை கிடையாது. அவர் சம்சாரம் வடிவாம்பாள் மந்திரத்துப் பெரிய அடுக்களையில்தான் பொங்க வேண்டும். காரம் போட்டால் கிழவர்களுக்கு ஆகாது, புளி போட்டால் மூட்டு பிடிக்கும் என்று சொல்லி, பூதப்பாண்டிக்காரியான அவள் நாக்கில் பதினோரு வருஷம் தேங்காய் வறுத்தரைத்த ஒரு தீயல் பட்டதில்லை.

"எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். எனக்கே எனக்குன்னு ஒரு அடுக்களை வேணும். சாவதுக்குள்ள தருவேளா?" என்று அவள் மாதம் ஒருமுறை கேட்பாள். அவரும் மாதம் ஒருமுறை தலையாட்டுவார்.

மந்திரத்தை நடத்திவந்த பெரிய முதலாளி காலமானார். அவர் மகன் திரவியத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை. ஒரே ஒரு தடவை பம்பாய் போய்வந்தவன். போனவன் சும்மா வந்திருக்கக் கூடாதா? அங்கே வீட்டுமேல் வீடு அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தான். மிச்சமிருந்த ஆறு கிழடுகளை நெய்யாற்றின்கரைப் பக்கம் வேறொரு மந்திரத்துக்கு அனுப்பினான். கட்டடத்தை இடித்துக் கீழே நாலு, மேலே நாலு என்று எட்டு பிளாட்டு கட்டப்போவதாகச் சொன்னான்.

"பிள்ளைவாள், வேலையை நீரு நின்னு பாத்துக்கிடும். ஏழு பிளாட்டுக்கும் நல்ல குடித்தனமா பிடிச்சுத் தாரும். எட்டாவது, கீழ கன்னி மூலையில சின்னது ஒண்ணு வருது. அது உமக்கு. வாடகை வேண்டாம்."

பிள்ளை தன் அறைக்கு ஓடாத குறையாகப் போய்ச் சொன்னார். வடிவாம்பாள் அன்றைக்கே சாலைக்குப் போய் ஒரு அம்மி வாங்கிவந்துவிட்டாள்.

அஸ்திவாரத்துக்குக் குற்றியடிக்கும் நாளில்தான் சனி பிடித்தது. ஆசாரி வேலாயுதன் கயிறு பிடித்து மூலை பார்த்துக்கொண்டிருக்கையில் திரவியம் கேட்டான்.

"பிள்ளைவாள், இது வயசானவங்க செத்த இடம். எந்த மூலையில அதிகம் போனாங்கன்னு உமக்குத் தெரியும்லா? சொல்லும். அங்க குடும்பம் வைக்கண்டாம். எனக்கு கார் ஷெட்டு ஒண்ணு வேணும், அதைப் போட்டிருதேன்."

பிள்ளை சட்டென்று கன்னி மூலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஏனென்றால் அவருக்குத் தெரியும். யாருக்காவது இழுத்துக்கொள்ள ஆரம்பித்தால் மற்றவர்கள் பார்த்துப் பயப்படக் கூடாது என்று கட்டிலோடு தூக்கித் தென்மேற்கு மூலைக்குக் கொண்டுவந்துவிடுவது வழக்கம். அவர் அறைக்கு அடுத்த சாய்ப்பு. வடிவாம்பாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனில் பால் விட்டு, வாயை மூடி, தாடையைக் கட்டுவாள். பதினோரு வருஷத்தில் அந்த மந்திரத்தில் போன அத்தனை உயிரும் போனது அதே கன்னி மூலையில்தான்.

"அது பாத்தீங்கன்னா முதலாளி… இங்க யாரும் அப்படிப் பெரிசா சாகல்லை. முக்காவாசிப் பேரு ஆஸ்பத்திரியில."

ஆசாரி வேலாயுதன் கயிற்றை விட்டுவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டார்.

கட்டடம் எழும்பியது. பிள்ளைக்கு அடுத்த தலைவலி குடித்தனம் பிடிப்பது. வந்தவர்கள் ஒருவராவது தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்டார்களா? ஊருக்கே தெரிந்த மந்திரம் அது. கரமனை அக்கிரஹாரத்தில் சம்சாரம் நாலு ஓர்ப்படிகளோடு முட்டி மோதிவிட, தனிக்குடித்தனம் தேடிவந்த சேஷன், கணக்காபீஸில் கிளார்க். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"ஓய், மறைக்காம சொல்லும். நேக்குக் காட்டறேளே இந்தக் கிழக்குப் பக்கம், இங்க எத்தனை பேர் போனா?"

"ஒருத்தர்கூட இல்லை சாமி. போனதெல்லாம் மேற்குப் பக்கம்."

மறுநாள் செக்ரட்டேரியட்டில் வேலைபார்க்கும் ஸ்ரீகண்டன் நாயர் வந்தார். மேற்குப் பக்கம் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம்.

"பிள்ளே, ஒரு காரியம் கேக்கட்டே? நேரா பறயணும்."

"கேளுங்க, கேளுங்க. செத்ததெல்லாம் கிழக்கே. இந்தப் பக்கம் சுத்தம்."

மேல்மாடிக்காரர்களிடம், போனவர்கள் எல்லாம் கீழே என்றார். அப்படிச் சொன்னதாவது முக்கால் உண்மை. ஒவ்வொருவரும் சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரிடம் எந்தத் திசையைச் சொன்னோம் என்று அவரே மறந்துபோகும் அளவுக்குத் திசைகள் சேர்ந்துவிட்டன. வேலை முடியும்வரை ஒதுங்கியிருந்த வாடகை அறையில் வடிவாம்பாள் இதைக் கேட்டுவிட்டு, "பொய் சொல்லுகதுதான் சொல்லுதீங்க, எல்லார்கிட்டயும் ஒரே பொய்யாச் சொல்லப்படாதா?" என்றாள். கேட்கவே எரிச்சலாக இருந்தது, சரியாகவும் இருந்தது.

ஏழு குடித்தனமும் தனித்தனியே வந்திருந்தால் தப்பித்திருப்பார். கொல்லம் ஆண்டு 1130 ஆவணியில் முகூர்த்தம் என்று ஒரே ஒரு புதன்கிழமைதான் இருந்தது. ஏழு பேரும் ஏழு ஜோசியர்களிடம் போய் அதே புதன்கிழமையை வாங்கிவந்தார்கள். காலை ஏழு மணிக்கு எட்டு வீட்டிலும் பால் பொங்குகிறது. பொங்கிய கையோடு பெண்பிள்ளைகள் தம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். புதுசாகக் குடிவந்தவர்கள் என்ன பேசுவார்கள்?

சேஷன் சம்சாரம் லலிதாம்பாள் ஆரம்பித்தாள். "மாமி, நீங்க மேற்குப் பக்கமா வந்திருக்கேள். தைரியந்தான்."

"எந்தா தைரியம்?" என்றாள் நாயர் சம்சாரம் ஓமனா.

"அந்தப் பக்கந்தானே கிழடெல்லாம் போச்சாம். காரியஸ்தர் சொன்னார்."

"ஐயோ! எங்ஙள்கிட்ட கிழக்குப் பக்கம்னல்லே சொன்னது!"

அப்புறம் கேட்க வேண்டுமா. பால் பாத்திரம் ஒன்று உருண்டது. மாடியிலிருந்து நாலு குடும்பமும் இறங்கிவந்தது. பிள்ளை கிணற்றுப் பக்கமாக நழுவப் பார்த்தார். சேஷன் துண்டைப் பிடித்துவிட்டார்.

"ஓய், போனவா கிழக்கயா, மேற்கயா? திசைக்கு ஒரு பொய்யா சொல்லுவீர்?"

"சாமி, துண்டை விடுங்க. புதுத் துண்டு."

அந்த நேரம் பார்த்துத்தான் திரவியம் தன் மோரிஸ் காரில் வந்து இறங்கினான். ஏழு குடும்பமும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளைவாள், ஆஸ்பத்திரியிலன்னுல்லா எங்கிட்ட சொன்னீரு! ஏழும் காலியானா உமக்கும் இங்க இடமில்ல பாத்துக்கிடும்."

பிள்ளை தெற்கே பார்த்தார். வடக்கே பார்த்தார். இன்னொரு திசை மிச்சமிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

கன்னி மூலை வீட்டிலிருந்து வடிவாம்பாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எல்லாரும் சத்தத்தை நிறுத்துங்க. கிழக்கயும் இல்ல, மேற்கயும் இல்ல. அத்தனை பேரும் போனது என் வீட்டுக்குள்ள. நான் அடுப்பு போட்டிருக்கேனே, அந்த இடம். முத்தாரம்மா போனது அங்க. தவில்காரர் போனது அங்க. நான்தான் பால் விட்டேன். உங்க வீட்டுல எல்லாம் ஒரு பூனைகூடச் சாகல்ல. போயி பாலைக் குடிங்க, ஆடை கட்டுது."

பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். ஏழு மாதம் பல்லைக் கடித்துக் காப்பாற்றியதை இவள் ஒரு மூச்சில் கொட்டிவிட்டாளே! அட்வான்ஸ் கேட்ட வாயெல்லாம் மூடிக்கொண்டது. அவரவர் பிளாட்டை அவரவர் திரும்பிப் பார்த்து நிம்மதியானார்கள். திரவியத்துக்குத்தான் முகம் தெளிந்து கண் காரின் மேல் போனது.

"அப்ப கதை முடிஞ்சுது. அந்த இடத்தை ஷெட்டாக்கிருதேன். அக்கா, உங்களுக்குச் சாலையில கடைக்குப் பின்னால ஒரு ரூமு தாரேன்."

"அடுக்களை உண்டா?"

"கடைப் பையன்மாருக்குப் பொங்குகதுல சேத்துப் பொங்கிக்கிடலாம்."

வடிவாம்பாள் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பேசியது ஆசாரி வேலாயுதன். புதுமனைக்குக் கோடி வேட்டி வாங்க வந்து தூணோரம் உட்கார்ந்திருந்தவர், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தபடியே சொன்னார்.

"கன்னி மூலையை ஒழிச்சு வண்டி நிறுத்தினா மத்த ஏழு வீட்டுக்கும் கேடாக்கும். அங்ஙன பாரம் வேணும், ஆள்பெருமாற்றம் வேணும், யாராவது புழங்கிக்கிட்டே இருக்கணும், அந்திசந்திக்கு ஒரு விளக்கு வேணும். ஷெட்டு போடணும்னா போட்டுக்கிடுங்க. நான் பொறுப்பில்லை."

லலிதாம்பாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, கன்னி மூலை இருட்டா கிடந்தா குடும்பம் விளங்குமோ?"

"அப்போ ஆரெங்கிலும் அங்ஙன குடி தாமசிக்கணும்," என்றார் ஸ்ரீகண்டன் நாயர். "ஆரு?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். சேஷன் தன் வீட்டுப் படியில் இரண்டு படி பின்னால் ஏறிக்கொண்டார். மேல்மாடிக்காரர் ஒருவர், நீரே வந்து குடியிருமேன் என்று திரவியத்திடம் சொல்லிப் பார்த்தார். திரவியம் காரைத் தெருவிலேயே நிறுத்திக்கொள்ள எந்தச் சிரமமும் இல்லை என்றான். கடைசியில் ஏழு குடும்பத்துக் கண்களும் கரண்டி பிடித்த கையில் போய் நின்றன.

"அக்கா," என்றான் திரவியம், குரலை இறக்கி, "தினம் ஒரு விளக்கு…"

"ஏத்துதேன். ஆனா இனி ஷெட்டு, கார், சாலையில ரூமுன்னு யாராவது பேசினா அணைச்சிட்டு பூதப்பாண்டிக்குப் போயிருவேன்."

"பேசமாட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சேஷன் பிள்ளையின் துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டார். பிள்ளை மெதுவாக அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"உள்ளதை நான் அன்னைக்கே சொல்லியிருந்தா ஆசாரி அன்னைக்கே இதைச் சொல்லியிருப்பாருல்லா? ஏழு மாசம் எனக்கு உறக்கம் போச்சே!"

"உங்க உறக்கத்தை எங்கிட்ட ஏன் கேக்கேள்? தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அவள் தேங்காயைத் துருவி வறுத்துக்கொண்டிருந்தாள். தீயலுக்கு. மிளகாயை அவள் அள்ளிப் போட்ட அளவைப் பார்த்து அவருக்கு இருமல் வந்தது.

"இவ்வளவு காரமா? எனக்கு வயிறு…"

"உங்களுக்கு மோர் இருக்கு," என்றாள் வடிவாம்பாள்.