நடுவில் ஒரு ஜாண்

அந்தச் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. அது வெறும் காட்சிக்கு. பழைய கார் ஒன்றின் கூரையை அறுத்து, பின்சக்கரங்களைப் பெரிதாக்கி, பானட்டில் நெருப்பு வரைந்து ஒரு படத்துக்காகச் செய்தது. கதாநாயகனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நிஜ ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் சீட்டுக்குப் பின்னாலிருந்த பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதற்குள் முடங்கி உட்கார்ந்து ஓட்டியவர் என் தாய்மாமா. தியேட்டரில் விசில் எல்லாம் கதாநாயகனுக்குத்தான்.

படம் முடிந்ததும் மாமாவே வண்டியை வாங்கிக் கூட்டேரிப்பட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அந்த வண்டிதான். மாப்பிள்ளையே ஓட்டி வருகிறார் என்று ஊர் வாயைப் பிளக்கும். மாமா உள்ளே இருப்பது வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும் தெரியும். முன்சீட்டுகள் இரண்டுக்கும் இடையில் இருந்த சந்துதான் அவருக்குக் கண். ஏறுகிறவர்களிடம் தவறாமல் சொல்வார்: “நடுவுல ஒரு ஜாண் விட்டுக் குந்துங்க. அதான் எனக்கு ரோடு.” முகூர்த்த நாட்களில் அவர் திரும்பும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

என் கல்யாணத்துக்கு வேறு வண்டி வைக்கலாம் என்று கெஞ்சினேன். மாமாவின் முகம் வாடிவிட்டது. யார் யாரையோ ஏற்றி வந்தவர், தங்கை மகளை ஏற்றக்கூடாதா? சரி என்றேன். தாலி கட்டிய அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஏற, திண்டிவனத்தில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, அதற்கும் வண்டிக்கும் இடையில் ஆடுகிற பிள்ளைகள். என் கண் அவர்கள் காலை விட்டு நகரவில்லை. எல்லாரும் எனக்கு வெட்கம் என்று நினைத்தார்கள்.

கூடவே நடந்து வந்த போட்டோகிராபர், “சார், இன்னும் ஒட்டிக் குந்துங்க” என்றார். என் கணவர் மாமா சொன்னதை மறந்து என் தோளோடு வந்து ஒட்டினார். இரண்டு ரோஜா மாலைகளும் சேர்ந்ததில் அந்தச் சந்து அடைபட்டுப்போனது. அதே நேரம் மஞ்சள் பாவாடை கட்டிய குழந்தை ஒன்று தடுக்கி வண்டிக்கு முன்னால் விழுந்தது. வண்டி நிற்கவில்லை. கணவர் பிரேக்கை மிதி மிதியென்று மிதித்தார். அதுவும் காட்சிக்குத்தானே. இரண்டு கையாலும் அவரைக் கதவோடு சேர்த்துத் தள்ளினேன்.

“மாமா, கொழந்த!”

வண்டி குலுங்கி நின்றது. குழந்தை எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஆடப் போனது. முதல் நாளே புருஷனைத் தள்ளிவிட்டவள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள். மண்டபத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தி வெளியே வந்த மாமா காபி டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார். “பாத்துட்டேன் பாப்பா, பாத்துட்டேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் அந்தப் பெட்டிக்குள் நுழையவே இல்லை.

மாமா காலமான பிறகு வண்டி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் வாசலுக்குப் போனது. சக்கரங்களைச் சிமெண்டில் பதித்துவிட்டார்கள். பெட்டியையும் தகரம் அடித்து மூடியாயிற்று. வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் விழுப்புரம் போகும் வழியில் நாங்களும் இறங்கினோம். என் கணவர் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். எதிரே சிமெண்ட் தரையில் யாரோ ஒருவரின் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. என் கண் அதன் காலுக்கே போனது. செல்போனைத் தூக்கிப் பிடித்த எங்கள் மகள், “இன்னும் கிட்ட உக்காரும்மா” என்றாள்.

நான் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவரும் நகரவில்லை.