சுருள் மண்டலத்துக்காக அரைத்த மிளகாய்

மகள் கோவையில் வான ஆராய்ச்சி படிக்கிறாள். விடுமுறைக்குக் கிணத்துக்கடவு வந்தவள், தொலைநோக்கி எடுத்த படங்களைக் கணினியில் துழாவி, வெகுதூரத்துச் சுருள் விண்மீன் மண்டலம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தோசைக்கல்லில் மாவைச் சுழற்றிப் பாதியில் விட்டதுபோல மங்கலாக இருந்தது. "இதுவரைக்கும் யாருமே பாக்கலீங்கப்பா" என்றாள். அவள் நெற்றியில் விபூதி பூசினேன். கணினிக்கும் கொஞ்சம்.

மறுவாரம் முகம் வாடிப்போய் என்னிடம் வந்தாள். "போச்சுங்கப்பா. வெளிநாட்டுக்காரர் ஒருத்தரும் இதையே கண்டுபிடிச்சுட்டேன்னு எழுதியிருக்கறாரு. இனி எம்பேரு வராது." அன்று அவள் சாப்பிடவில்லை.

எட்டாவதோடு நின்றவன் நான். பொருள் களவுபோனால் ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி முறையிட வேண்டும், எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது மட்டும் தெரியும். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

கோயில் ஆட்டுக்கல்லில் எனக்குப் பக்கத்தில் அரைத்த அம்மா கேட்டார்: "எனக்கு ரெண்டு ஆடுங்க. உங்களுக்கு என்னங்க காணோம்?"

"நட்சத்திரக் கூட்டமுங்க. சுருள் சுருளா இருக்கும்."

"எத்தன பவுனுங்க?"

"வானத்துல இருக்கறதுங்க. அங்கிருந்து வெளிச்சம் வரவே பல கோடி வருசமாகுமாமுங்க."

அவர் கை நின்றது. "அப்பத் திருடன் இன்னும் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டானுங்க. நல்லா அரைங்க."

கண்ணும் கையும் எரிய வீடு சேர்ந்தேன். மனைவி பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, ஊட்டுல சட்னி அரைக்கச் சொன்னா இடுப்பு வலீம்பீங்க!"

இரண்டாம் நாள் அந்த வெளிநாட்டுக்காரரே மகளோடு வீடியோவில் பேசினார். தான் மங்கலாக ஒரு புள்ளியைத்தான் பார்த்ததாகவும், அது சுருள் என்று கண்டது அவள்தான் என்றும், இருவர் பெயரிலும் எழுதலாம் என்றும் சொன்னாராம். மகள் குதித்தாள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அங்க இப்பப் பூ பூக்கற காலமுங்கப்பா, மகரந்தம் ஒத்துக்காதாமா" என்றாள்.

எனக்கல்லவா தெரியும். தப்பு செய்யாத மனிதர்! விடிந்ததும் அம்மனைக் குளிர்விக்க எண்ணெயோடு ஆனைமலைக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் அதே ஆட்டுக்கார அம்மா, கையில் எண்ணெய்.

"பக்கத்துத் தோட்டத்துச் சோளத்துக்குள்ள நின்னுதுங்க" என்றார் தலையைக் குனிந்து. "உங்களுது?"

"இருந்த எடத்துலயேதானுங்க இருக்குது" என்றேன்.